ஒரு இழை நீல நூல்

"கலரு மாறாது இல்ல?"

மேல்சித்தாமூர் திரிசலா இதைக் கேட்பது நாலாவது தடவை. மகளின் நிச்சயதார்த்தப் புடவையையே பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள், கல்யாணப் பத்திரிகையில் அச்சாகப்போகும் போட்டோவோடு வைத்துப் பார்க்க.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சுவாதி டிசைன் கடை போட்டு ஆறு மாசம் ஆகிறது. மல்டிகலரில் ஆயிரம் பத்திரிகை என்பது இதுதான் முதல் ஆர்டர். இதில் சொதப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் கடைப் படி ஏற மாட்டார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"கவலப்படாதீங்கம்மா. பைலு நேத்தே திண்டிவனம் பிரஸ்ஸுக்குப் போயிடுச்சி. இதோ, நீங்களே பாருங்க."

ஸ்கிரீனில் இருந்த நீலமும் மேசைமேல் இருந்த நீலமும் ஒன்றாகவே இருந்தன. திரிசலா கொஞ்சம் சமாதானமானாள்.

"பெரியவளுக்கு அடிச்சப்ப நீலப் பொடவ ஊதாவா வந்துடிச்சிம்மா. 'நாங்க எடுத்துக் குடுத்த பொடவய மாத்திட்டீங்களா'ன்னு சம்மந்தி ஊட்டுல ஒரு வாரம் மொகம் குடுத்துப் பேசல."

அடித்தது யார் என்று சுவாதி கேட்கவில்லை. எதிர்வரிசைக் கடை சேரன்தான். இவள் கடை திறந்த அன்றைக்கே வந்து, "ஓசி சாப்ட்வேர வெச்சிக்கினா கலர் வேல பண்ணப் போற?" என்று சிரித்துவிட்டுப் போன புண்ணியவான்.

கவிழ்த்து வைத்திருந்த போன் மறுபடி அதிர்ந்தது. திரிசலா வந்து உட்கார்ந்ததிலிருந்து அஞ்சாறு தடவை ஆகிவிட்டது. பார்ட்டி எதிரில் போன் எடுக்கக்கூடாது என்பது சுவாதியின் கொள்கை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சேரனே வந்து நின்றார். ஹெல்மெட்டைக்கூட கழற்றவில்லை.

"சுவாதி, ஒரு நிமிஷம் வெளிய வாம்மா."

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்கண்ணே."

சேரன் திரிசலாவைப் பார்த்தார். திரிசலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. நீலம் ஊதா ஆவாம எப்படி பண்ற? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

அடி சக்கை. சுவாதிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"ஸ்கிரீன்ல பாக்கற கலரெல்லாம் அச்சுல வராதுண்ணே. அங்க இருக்கறது நாலே மை. நீலத்துல மெஜந்தாங்கற ரோஸ் மை தூக்கலாப் போச்சின்னா ஊதாதான். நான் கிம்ப்ங்கற சாப்ட்வேர்ல பிரஸ்ஸோட கலர் புரொபைல ஏத்தி, அச்சுல எப்படி வரும்னு இங்கயே பாத்துடுவேன். மெஜந்தாவக் கொறச்சி, நாலு கலருக்கு மாத்தி, அப்புறம்தான் அனுப்புவேன். எல்லாம் ஓசி சாப்ட்வேர்தான்."

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். ஆறு மாசமாகத் தொண்டையில் நின்றது அது.

சேரன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார்.

"இதே பைலத்தான் பிரஸ்ஸுக்கு அனுப்பினியா? ஒருவாட்டி பாத்துடேன்."

"பின்ன, வேற எத அனுப்புவாங்க? அண்ணே, பார்ட்டி இருக்காங்க. அப்புறம் வாங்களேன்."

"சரிம்மா." போகிறவர் போகவில்லை. புடவையைக் காட்டி, "இந்தக் குஞ்சத்துல ஒரே ஒரு நூலு எடுத்துக்கட்டுமா?" என்று திரிசலாவைக் கேட்டார்.

"நூலு எதுக்கு?" சுவாதி வெடுக்கென்று கேட்டாள்.

"வெச்சிப் பாத்துக் கத்துக்கலாம்னுதான்."

இத்தனை பணிவாகக் கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்லத் திரிசலாவுக்கு வாய் வரவில்லை. சேரன் நூலைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

"எனக்கு அடிக்கறப்ப கத்துக்காம, இப்ப வந்து நிக்கிறாரு பாரேன்" என்றாள் திரிசலா.

"தொழில் ரகசியத்தக் கேக்க வெக்கமே இல்லம்மா" என்றாள் சுவாதி.

சாயங்காலம் சுவாதி பிரஸ்ஸுக்குத் திருப்பிக் கூப்பிட்டபோது, "இப்ப ஒண்ணுமில்லம்மா, வேல ஓடுது" என்று மட்டும் சொன்னார்கள். ரெண்டு நாள் கழித்து பஸ்ஸில் பத்திரிகைப் பார்சல் வந்தது. பிரித்தவுடனே சுவாதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நீலம் நீலமாகவே இருந்தது. திரிசலா புடவையைப் பக்கத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, சுவாதியின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

"சீமந்தப் பத்திரிகையும் உங்கிட்டதான்" என்று சொல்லிவிட்டுக் கட்டுகளோடு ஆட்டோ ஏறினாள்.

பார்சல் சுற்றி வந்த தாளை மடிக்கும்போதுதான் சுவாதி கவனித்தாள். அது பிரஸ்ஸில் முதலில் ஓட்டிப் பார்த்த சாம்பிள் தாள். அதில் புடவைப் படத்துக்குப் பக்கத்தில், செல்லோ டேப் போட்டு ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது.

உடனே திண்டிவனம் பிரஸ் இளையபெருமாளுக்குப் போன் போட்டாள்.

"இந்த நூலு அங்க எப்படிண்ணே வந்திச்சி?"

"சேரன் கொண்டாந்ததும்மா. நீ அனுப்பின பைலு நாலு கலருக்கு மாத்தவே இல்லியே. அச்சடிக்கப் பிளேட்டு போடலாம்னு தெறந்தா, பொடவ மொத்தமும் ஊதாவா நிக்கிது. சேரன் அவரு கட வேலயக் குடுக்க இங்க வந்திருந்தாரு, பாத்துட்டாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போன் போட்டோம், நீ எடுக்கல. 'பிளேட்டு போடாத'ன்னு சொல்லிட்டு பைக்ல செஞ்சிக்குப் போனாரு. நூலோட திரும்பி வந்து, ஒரு மணி நேரம் உக்காந்து அவரே சரி பண்ணாரு. அவருக்கு இதுல ஏற்கெனவே சூடு பட்டிருக்குதே."

சுவாதி மெயிலைத் திறந்து பார்த்தாள். அனுப்பியிருந்தது 'பைனல்'. அனுப்ப வேண்டிய 'பைனல் ஓகே' அவள் கம்ப்யூட்டரிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணே அவரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'தப்ப சொல்லத்தான் போனேன், பார்ட்டி உக்காந்திருந்தாங்க. அதான் பாடம் கேட்டுக்கினு வந்துட்டேன்'னாரு."