பால்கனி லென்ஸ்

"அந்த லென்ஸை இப்பவே எடுக்கணும். ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்க வேணாமா?" எதிர்வீட்டுக்காரன் வாசலில் நின்று கத்தினான்.

"எடுக்கறதா இல்லை" என்றார் கேமராக்காரர்.

பழைய ஃபிலிம் கேமராக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கேமராவிடம் அனுமதி வாங்க வேண்டும். கடைசியாக வந்து சேர்ந்தது, டெலிவிஷன் ஸ்டுடியோ ஒன்றில் கழித்துக் கட்டிய லென்ஸ். தண்ணீர்க் குடம் அளவு இருக்கும். பால்கனியில், ஸ்டாண்டின் மேல் நின்று எதிர்வீட்டு ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தைத் துணியால் மூடி வைத்திருந்தார்.

கூட வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "சார், உங்க வயசுக்கு இது அழகா? எதிர்ல புருஷன் பொண்டாட்டி குடித்தனம் பண்றாங்க."

"என் பால்கனி, என் லென்ஸ்."

"எல்லாம் பதிவாகுதா?" எதிர்வீட்டுக்காரனின் குரல் சட்டென்று இறங்கியது.

கேமராக்காரர் வாயைத் திறக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

"சங்கக் கூட்டத்துல வச்சுப் பேசிக்கறோம். நாலு பேர் காறித் துப்புவாங்க, பரவாயில்லையா?" என்றார் செயலாளர்.

"துப்பட்டும்."

அவர்கள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். அவமானத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, அந்தத் துணியை விலக்கிக் காட்டியிருந்தா விஷயம் முடிஞ்சுது. பின்னால கேமராவே கிடையாது, வெறும் ஓட்டை. கண்ணாடி பூரா பூஞ்சை. மத்த லென்ஸுக்கும் பரவிடும்னுதானே தனியா கொண்டுபோய் வெயில்ல வச்சீங்க? அதைச் சொன்னா வாய் வலிக்குமா?"

"வெயில் படட்டும்னுதான் வச்சேன்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? இது சம்பந்தி காதுக்குப் போனா நான் எந்த மூஞ்சியோட அவங்க முன்னால நிப்பேன்?"

அவர் லென்ஸை எதிர்ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி, ஸ்டாண்டின் திருகை இறுக்கினார்.

"இதை இங்க வச்சதுக்கப்புறம், அவன் பொண்டாட்டியை அடிக்கிற சத்தம் உனக்கு ஒரு தடவையாவது கேட்டுச்சா?"