சுவரில்லாத வழி

அரிசிக் கிடங்கில் கண் தெரியாத எலி செவந்திக்கு, சுற்றுவழி வேண்டாமென்று நட்டநடுத் தரையில் புது வளை தோண்டினார்கள்.

செவந்தியின் தாய் எலித் தலைவரிடம் போனாள். "அண்ணே, மீசை சுவரில் உரசினால்தான் அவளுக்குத் திசை தெரியும். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அவளுக்காகத்தானேம்மா இவ்வளவும்! சுவரோரத்துப் பழைய வளையை அடைச்சாச்சு. திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வா, போதும்" என்றார் தலைவர்.

விழாவன்று செவந்திக்கு மாலை போட்டு, "நேரே நட!" என்று அனுப்பினார்கள். அவள் பாதி வழி போனபோது கதவிடுக்கில் பூனை தலை நீட்டியது. கைதட்டிய எலிகளெல்லாம் தத்தம் வளைக்குள் பாய்ந்தன.

தாய் மட்டும் மகளை நோக்கி ஓடினாள். "ஓடிடு கண்ணு, பூனை!"

செவந்தியின் மீசை நாலாபக்கமும் துழாவியது.

"எந்தப் பக்கம்மா சுவர்?"