ஜேட் செடிக்குக் காவல்

ஜன்னலோரத்து ஜேட் செடி தன் தடித்த இலைகளில் இரண்டை உதிர்த்ததுமே குற்றவாளி யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமியார்தான். தினமும் அவர் அதைச் சமையலறைக் குழாயடிக்குத் தூக்கிப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஏன் அத்தை, காலையில நான்தான் ஒரு டம்ளர் ஊத்துறேனே. நீங்களும் ஊத்த இது என்ன தாமரையா?"

"இல்ல மாப்பிள்ளை, சும்மா..."

"இனிமே அதைத் தொடாதீங்க."

அவர் தொடவில்லை. மறுநாளே மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். துப்பறிந்த பெருமையில், செடி சீக்கிரம் தேறட்டுமென்று நான் ஒரு டம்ளரை இரண்டாக்கினேன்.

பத்தே நாளில் தண்டு அழுகிச் சாய்ந்தது. மனைவி செடியைப் பிடுங்கிவிட்டுப் பீங்கான் தொட்டியைக் கவிழ்த்தாள். தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது.

"இந்தத் தொட்டியில ஓட்டையே கிடையாது. நீங்க ஊத்துறதை அம்மாதான் தினமும் சாய்ச்சு வடிச்சிட்டிருந்தாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"'மாப்பிள்ளை ஆசையா ஊத்துறார், சொன்னா முகம் வாடிடும், நானே பார்த்துக்கறேன்'னு என் வாயை அடைச்சிட்டாங்க. அவ்வளவு பார்த்துக்கிட்டவங்க, ஏன்தான் அப்படித் திடீர்னு கிளம்பினாங்களோ."

நான் பேசியதையும் அவர் மகளிடம் சொல்லாமலேதான் போயிருக்கிறார்.

இனி நான்தான் சொல்ல வேண்டும்.