மாப்பிள்ளை கெடுத்த பெட்டி

“நல்லாப் பேசிட்டிருந்த பெட்டியைக் கெடுத்து வெச்சுட்டு, தூக்கிட்டும் போயிட்டாரே உன் புருஷன்!” என்று போனில் பொரிந்து தள்ளினாள் அம்மா. “அப்பா ஊமையா உட்கார்ந்திருக்கார்டி.”

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்குக் குரல் இல்லை. அவர் எழுத்துகளைத் தட்டினால் பெட்டி பேசும்; அவசரத்துக்கு அமுக்க அதிலேயே ஒரு மணியும் உண்டு. போன மாதம் அதன் சிப் எரிந்துபோக, தம்பிதான் புது சிப் போட்டு, கர்னலிலும் கை வைத்து ஓட வைத்தான். கர்னல் என்றால், பெட்டிக்குள் ஓடும் எல்லாப் புரோகிராமையும் கட்டி மேய்க்கிற மென்பொருள். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பையன் புராணம்தான்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டில் அப்பா தனியாக இருந்த நேரம், மாப்பிள்ளை போனார். வெளியே போனவர்கள் திரும்பியபோது பெட்டியும் கையுமாக நின்றார். “சும்மா நோண்டினேன், கெட்டுப் போச்சு” என்று சொல்லி எடுத்து வந்துவிட்டார்.

“அப்பா உங்களைத் திட்டினதுக்கெல்லாம் பழி வாங்குறீங்களாம். அம்மா சொல்றாங்க” என்றாள் மனைவி.

“திட்டு வாங்கத்தானே இவ்வளவு அவசரமா சரி பண்ணிட்டிருக்கேன்!”

“அப்படி என்னத்தைக் கெடுத்தீங்க?”

“அதுல ஓடுறது பழைய புரோகிராம். ‘இங்க இருக்கிறதை எடு, அதே மூச்சுல இதை வை’ன்னு ஒரே ஆணையா போடும். புது சிப்புக்கு அந்த ஆணையே தெரியாது. கர்னல் தலையில கட்டிடும். கர்னல்தான் அதைச் செஞ்சு கொடுக்கணும்.”

“கொடுத்துட்டுப் போகட்டுமே?”

“எடுக்கிறது தனி, வைக்கிறது தனின்னு செஞ்சா, நடுவுல இன்னொரு வேலை புகுந்துடும். புகுந்துச்சான்னு பார்த்து, புகுந்திருந்தா மறுபடியும் முதல்லேர்ந்து செய்யணும். அதைப் பார்க்காம விட்டாச்சு. நல்லா ஓடுற மாதிரியே இருக்கும். திடீர்னு ஒரு நாள் நின்னுடும். அவசர மணிகூட அடிக்காது.”

“இதே வேலையா இருக்கிற நீங்களா இப்படிப் பண்ணினீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெட்டியோடு போனார்கள். மாமியார் வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். “தெரியாததுல எல்லாம் கை வைக்கலாமா மாப்பிள்ளை?”

“என்னைக் கேட்டிருந்தா அரை மணியில முடிச்சிருப்பேன் அத்தான்” என்றான் தம்பி, காலாட்டிக்கொண்டே.

மாப்பிள்ளை சிரித்து வைத்தார். மனைவிக்குத்தான் அவமானம் பிடுங்கித் தின்றது.

அப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

“வேண்டாம் மாமா” என்று மாப்பிள்ளை பதறினார். அப்பா கேட்கவில்லை.

பெட்டி பேசியது.

“அன்னிக்கு எனக்கு மூச்சு அடைச்சுது. மணியை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பெட்டி அசையலை. நல்ல வேளையா மாப்பிள்ளை உள்ளே வந்தார். நான் உயிரோட உட்கார்ந்திருக்கிறது அவரால.”

தம்பியின் கால் நின்றுவிட்டது. “அப்போ... அத்தான் தொடறதுக்கு முன்னாடியேவா?”

அப்பா மறுபடி தட்டினார்.

“ஆமாம். உன்கிட்ட சொல்லிடணும்னு மாப்பிள்ளைகிட்ட எழுதிக் காட்டினேன். ‘வேண்டாம் மாமா, பையன் உங்க மேல உசுரா செஞ்ச வேலை. கெடுத்தது நானாவே இருந்துட்டுப் போறேன்’னுட்டார்.”