முன்பாரம்

“பாரம் முன்னால, கொக்கிப் பக்கம் இருக்கணும்டா. பின்னால போச்சுன்னா டிரெய்லர் ஆடி ஆடிக் காரையே கவுத்துடும்,” என்றான் சேதுபதி.

மெர்டேக்கா சுதந்திர நாள் படகுப் போட்டிக்கான இன்ஜினையும் பெட்ரோல் டின்களையும் தம்பி தியாகுதான் டிரெய்லரில் ஏற்றியிருந்த படகின் முன்பக்கம் அடுக்கித் தார்ப்பாயால் மூடினான்.

காஜா பெராங் ஊரே கைதட்ட, அண்ணி சந்திரமதி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினாள்.

பத்து பெரெண்டாம் ஊர்ச் சாலை வளைவில் கார் கவிழ்ந்து, சேதுபதி அங்கேயே செத்தான்.

அண்ணியோடு ஓடிவந்து தார்ப்பாயைத் தூக்கிய தியாகு தலையில் அடித்துக்கொண்டான். “முன்னாலதான அண்ணி வச்சேன்! எல்லாம் எப்படிப் பின்னால போச்சு?”

படகின் முகப்பில் வரைந்திருந்த மாரியம்மனைப் பார்த்துச் சந்திரமதி விம்மினாள்.

“ஆத்தா முகத்துக்கிட்ட பெட்ரோல் நாறலாமா தம்பி? நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் எல்லாத்தையும் பின்னால தள்ளி வச்சேன். அப்படியும் அவ கோவம் தீரலையே!”