சோறு இருந்தால்தான் சாப்பாடு

எடை குறைந்தால்தான் முழங்காலில் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பாளையங்கோட்டை கோமதிநாயகம் ஒரு பேசும் தட்டு வாங்கினார். வைப்பதை எல்லாம் அது நிறுத்துப் பார்க்கும், அக்கறையாக விசாரிக்கும்.

"ஐயா, சாப்பிட்டாச்சா?" என்றது முதல் நாள் இரவு.

"எங்க சாப்பிட? வெறும் டிபன்தான்."

தட்டுக்குக் குழப்பம். "கம்பு தோசையும் கீரைக் கடையலும் சாப்பாடு இல்லையா?"

அவர் மனைவி வடிவு சிரித்துவிட்டாள். "ஏல, சோறு இருந்தாத்தான் சாப்பாடு! இதுகூடத் தெரியாதா?"

சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் தட்டு அது. கற்றுக்கொண்டது.

அதன்பின் கேழ்வரகு அடை, பச்சைப்பயறு தோசை, காய்கறி நிறையப் போட்ட தினை உப்புமா என்று வடிவு வேளைக்கொன்றாகச் செய்தாள். எடையும் ஒழுங்காக இறங்கியது; தினமும் அதைத் தட்டிடம் பெருமையாகச் சொல்லி வந்தார் கோமதிநாயகம். தட்டு யோசித்துப் பார்த்தது. மனிதர் நாளுக்கு நாள் மெலிகிறார், பல நாளாகச் சாப்பிடவும் இல்லை. இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டது.

அதில் டாக்டரே ஏறி வந்தார். "என்ன அண்ணாச்சி, பட்டினி கெடக்கீகளாமே? இப்படி இருந்தா ஆபரேஷனே கிடையாது, பாத்துக்கிடுங்க!"

"பட்டினியா? இப்பத்தான் மூணு அடை உள்ள போயிருக்கு!"

டாக்டர் நாடி பார்த்தார், எடை பார்த்தார், அடுப்படியையும் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கீக. அடுத்த வாரமே ஆபரேஷனை வச்சிருவோம்."

"சாப்பிட்டுட்டுப் போங்க டாக்டர்," என்றாள் வடிவு.

"வேண்டாம்மா, இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

"சாப்பாடு இல்ல டாக்டர், டிபன்தான்."

"டிபனா? அப்ப வைங்க," என்று டாக்டர் கை கழுவப் போனார்.