வீட்டுக்கே வந்த இன்டர்வியூ

"அப்பா வீட்டில் இல்லை. டூர் போயிருக்கிறார். வர எப்படியும் ஒரு மாதமாகும்."

சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ரஞ்சனா இதை வங்காள மொழியில் ஒப்பித்தாள். அந்தப் பாலிகஞ்ச் வீட்டில் அழைப்பு மணி அடித்தால், அவள் அப்பா வீரராகவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். மற்றவர்கள் அவரை டூருக்கு அனுப்பிவைப்பார்கள். பூஜை சந்தா, இன்ஷூரன்ஸ், ஹவுஸ் ஓனரின் ஆட்கள் என்று யார் வந்தாலும் இதே பதில்தான்.

வெளியே நின்றவரின் கையில் கறுப்புக் கோட்டு மடித்துக் கிடந்தது. அவர் தமிழிலேயே பேசினார்.

"நான் உங்களைப் பார்க்கத்தாம்மா வந்தேன். ரஞ்சனா நீங்கதானே? என் பேரு மஹாதேவன். அலிப்பூர் கோர்ட்டுல ஜூனியர் வக்கீல். சம்மர் ஜாப் கேட்டு எங்க சீனியருக்கு பயோடேட்டா அனுப்பியிருந்தீங்களே."

சங்கிலி கழன்ற வேகத்தில் கதவு சுவரில் இடித்தது.

"உட்காருங்க சார். அம்மா, காபி. டிகாக்ஷன் புதுசா போடு." ரஞ்சனாவுக்கு மூச்சு வாங்கியது. "யாரும் வீடு தேடி வருவாங்கன்னு நினைக்கவே இல்ல சார். அலிப்பூர்ல நான் எழுதிப் போடாத வக்கீலே இல்ல. முதல்ல ஸ்டைபண்டு வேணும்னு எழுதினேன். அப்புறம் பஸ் சார்ஜ் மட்டும் போதும்னு எழுதினேன். கடைசில, டீ கூட நானே போட்டுத் தரேன்னு எழுதினேன்."

"அந்தக் கடைசி லெட்டர்தான் எங்களுக்கு வந்தது."

"என் கிளாஸ்ல எல்லாரும் சால்ட் லேக் கம்பெனிகள்ல ஏசில உட்கார்ந்திருக்காங்க. நான் மட்டும் சந்தை கலையற நேரத்துல மிஞ்சின கத்தரிக்கா. லீவு முடியறதுக்குள்ள எங்கயாவது வேலை பார்த்த சர்டிபிகேட் காட்டலேன்னா, காலேஜ்ல அடுத்த வருஷத்துக்கே விடமாட்டாங்க சார்."

"கவலைப்படாதீங்க. பேரு, அட்ரஸ், அப்பா பேரு எல்லாம் பார்த்ததுமே சீனியர், 'இன்னைக்கே போ'ன்னுட்டார்."

பேரம் பேசாமல் வாங்க வருகிறவரைக் கண்டால் சரக்கை இன்னொரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது கரியாஹாட் நடைபாதைக் கடைக்காரர் எவருக்கும் தெரியும். ரஞ்சனா சட்டம் மட்டும்தான் படித்திருந்தாள்.

அம்மா விஜயா காபியோடு வந்தாள். வந்தவர் அண்ணாந்து கூரைக் கசிவைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"ஹவுஸ் ஓனர் ஒரு ஆணி அடிச்சுத் தரமாட்டார் சார். எங்களைக் கிளப்பணும்னே பார்க்கறார். இவ வக்கீலாகி அவரை ஒரு கை பார்க்கட்டும்னுதான் படிக்கவைக்கறோம்."

"பார்க்கட்டும், பார்க்கட்டும்," என்றார் மஹாதேவன், காபியை ரசித்தபடி. பிறகு ரஞ்சனா பக்கம் திரும்பினார். "ரெண்டு கேள்வி கேட்கலாமா?"

"பத்து கேளுங்க சார்."

"ஒரு சிவில் கேஸ். பிரதிவாதிக்கு சம்மன் கொடுக்கணும். ஆள் வீட்டுல இல்ல, இப்போதைக்குத் திரும்பறதாவும் தெரியல. என்ன பண்ணுவீங்க?"

போன மாதம்தான் பரீட்சைக்கு இதை உருப்போட்டிருந்தாள். "கூடக் குடியிருக்கற குடும்பத்துல மேஜரான யார்கிட்ட வேணாலும் கொடுக்கலாம் சார். அவர்கிட்டயே கொடுத்த மாதிரிதான்."

"ஆம்பளையா இருக்கணும்னு சொல்வாங்களே?"

"அது பழைய காலம் சார்." அவள் குரல் கொஞ்சம் சூடானது. "எப்பவோ திருத்திட்டாங்க. பொண்ணு வாங்கினாலும் செல்லும்."

"வாங்கினதுக்கு ஒரு கையெழுத்தும் இருந்துட்டா?"

"கேஸே எனக்குத் தெரியாதுன்னு பிரதிவாதி அப்புறம் வாயே திறக்க முடியாது."

மஹாதேவன் உண்மையாகவே தலையாட்டினார். "நல்லா தயார் பண்ணியிருக்கீங்க. நீங்க மேஜர்தானே?"

"எப்பவோ சார்."

"இந்த வீட்டுலதான் அப்பா அம்மாவோட இருக்கீங்க?"

"ஆமா சார், ஹாஸ்டல் எல்லாம் இல்ல. எந்நேரம் கூப்பிட்டாலும் வந்துடுவேன்."

அவர் பையிலிருந்து தாள்களை எடுத்து, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து. கீழே தேதி."

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் ரஞ்சனா. கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட அம்மாவை இரண்டு தடவை படிக்கவைப்பாள். இப்போது, இவர் மனம் மாறுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், பெயரை வளைத்து வளைத்துப் போட்டாள்.

மஹாதேவன் ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப திங்கட்கிழமையே வந்துடட்டுமா சார்?"

"எங்கம்மா?"

"வேலைக்கு."

"எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பொண்ணை நாங்க எப்படிம்மா வேலைக்கு வைக்கறது? சீனியர் உங்க ஹவுஸ் ஓனரோட வக்கீல். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி உங்க அப்பா மேல போட்ட கேஸுக்கு, சம்மனும் கையுமா கோர்ட் ஆளுங்க வருஷக்கணக்கா அலைஞ்சாச்சு. அப்புறம்தான் ஜட்ஜ்கிட்ட அனுமதி வாங்கி நானே கிளம்பினேன்."

விஜயா காலி டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ரஞ்சனா கையிலிருந்த தாளைப் பார்த்தாள், குளியலறைக் கதவைப் பார்த்தாள். படித்த சட்டம் அத்தனையையும் ஒன்றுதிரட்டிக்கொண்டாள்.

"இது செல்லாது சார். அப்பா டூரெல்லாம் போகல. வீட்டுலதான் இருக்கார்."

"நல்ல பாயின்ட்," என்று மஹாதேவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "குழாயை மூடிட்டு வரச்சொல்லுங்க, அவர் கையிலேயே கொடுத்துட்டுப் போறேன்."